உயர்திறன் மடிக்கணினி மதிப்பீடு

உயர்திறன் மடிக்கணினி மதிப்பீடு என்பது, கணினி விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண அசைவூட்டம், ஒளிப்படத் திருத்தம் போன்ற கனமான பணிகளுக்காக விற்கப்படும் ஒரு மடிக்கணினி அப்பணிகளை எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு நேரம் தளராமலும் செய்யும் என்பதை அளந்து அறியும் முறையாகும். இவ்வகைக் கணினிகளின் விலை இந்தியாவில் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிப் பல இலட்சம் வரை செல்கிறது. வாங்கிய பிறகு இவற்றின் முக்கியப் பாகங்களை மாற்றவும் முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன் செய்யும் மதிப்பீடு முக்கியத்துவம் பெறுகிறது.

மேசைக் கணினியில் செயலியின் பெயரைக் கொண்டே அதன் திறனைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். மடிக்கணினியில் அது இயலாது. ஒரே பெயருள்ள வரைகலைச் செயலி கொண்ட இரு மடிக்கணினிகள் வெவ்வேறு வேகத்தில் இயங்கக்கூடும். அப்பாகத்துக்கு எவ்வளவு மின்திறன் வழங்கப்படுகிறது, அதனால் உண்டாகும் வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேற்றப்படுகிறது என்னும் இரண்டுமே இறுதித் திறனை முடிவு செய்கின்றன.

## பெயரும் திறனும்

என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மேசைக் கணினிக்கான 4090 அட்டை 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிச் செயலி வெளிவந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

- மேசைக் கணினியின் 4090: 16,384 கருக்கள், 24 கிகாபைட் வரைகலை நினைவகம், 450 வாட் மின்திறன்.
- மடிக்கணினியின் 4090: 9,728 கருக்கள், 16 கிகாபைட் வரைகலை நினைவகம், 80 முதல் 150 வாட் வரை மின்திறன்.

மடிக்கணினியில் உள்ள 4090, மேசைக் கணினியின் 4080 அட்டையில் உள்ள அதே சில்லை அடிப்படையாகக் கொண்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட 5090 வரிசையிலும் நிலைமை இதுவே. மேசைக் கணினிக்கு 21,760 கருக்களும் 575 வாட் மின்திறனும் கிடைக்க, மடிக்கணினிக்கு 10,496 கருக்களே கிடைக்கின்றன.

மேற்கண்ட பட்டியலில் "80 முதல் 150 வாட் வரை" என்னும் பகுதி கூடுதல் கவனத்துக்கு உரியது. அந்த எல்லைக்குள் எந்த அளவைக் கொடுப்பது என்பதை மடிக்கணினியைத் தயாரிக்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது. மெல்லிய உடலமைப்பு கொண்ட மாதிரிக்குக் குறைந்த வாட்டும், தடித்த மாதிரிக்கு அதிக வாட்டும் தரப்படும். கடையின் விலைச்சீட்டில் இரண்டும் "ஆர்டிஎக்ஸ் 4090" என்றே இருக்கும்.

2017இல் என்விடியா மெல்லிய மடிக்கணினிகளுக்கான குறைந்த மின்திறன் செயலிகளை "மேக்ஸ்-கியூ" என்ற தனி அடையாளத்துடன் அறிமுகப்படுத்தியது. வாங்குபவர் பெயரைப் பார்த்தே வேறுபாட்டை அறிய அது உதவியது. 2021இல் வந்த 30 வரிசையில் அந்த அடையாளம் செயலியின் பெயரிலிருந்து நீங்கிவிட்டது. அதனால் வாட் அளவை விவரத் தாளில் தேடிப் படிக்க வேண்டிய பொறுப்பு வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது.

## வெப்பம் திறனைக் கட்டுப்படுத்தும் விதம்

செயலிக்குச் செல்லும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. இதை ஒரு தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிடலாம். தொட்டிக்குள் விழும் நீர் வெப்பம். அடியில் உள்ள வடிகுழாய், விசிறியும் வெப்பக் குழாய்களும் சேர்ந்த குளிர்விப்பு அமைப்பு. விழும் நீர் வடியும் நீரைவிட அதிகமாக இருந்தாலும் தொட்டி உடனே நிரம்பி வழிவதில்லை. சில நிமிடங்கள் ஆகும். மடிக்கணினி முதல் சில நிமிடங்கள் மிக வேகமாக இயங்குவதற்கு இதுவே காரணம். உலோகப் பாகங்கள் சூடேறி முடிந்ததும், வடிகுழாயின் அளவுக்கு ஏற்பக் குழாயை மூடியே ஆக வேண்டும். செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இந்நிகழ்வு வெப்பத் தளர்ச்சி எனலாம்.

வேகத்துக்கும் மின்திறனுக்கும் உள்ள தொடர்பும் நேர்கோட்டில் அமைவதில்லை. சில்லு பயன்படுத்தும் மின்திறன் அதன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் உயர்கிறது. அதிர்வெண்ணை 10 விழுக்காடு உயர்த்த மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு உயர்த்த வேண்டியிருந்தால், மின்திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்காகும். பத்து விழுக்காடு வேகத்துக்காக முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதல் வெப்பம் உண்டாகிறது. உச்ச வேகத்துக்கு அருகில் ஒவ்வொரு சிறு முன்னேற்றத்துக்கும் பெரும் விலை கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-13980எச்எக்ஸ் செயலியின் அடிப்படை மின்திறன் 55 வாட். அதன் உச்ச மின்திறன் 157 வாட். விளம்பரத்தில் காணப்படும் 5.6 கிகாஹெர்ட்ஸ் என்பது ஓரிரு கருக்கள் சிறிது நேரம் எட்டக்கூடிய உச்சம். இருபத்து நான்கு கருக்களும் ஒரு மணி நேரம் ஒன்றாக உழைக்கும்போது அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

## 2018ஆம் ஆண்டு நிகழ்வு

பெயரை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை 2018 சூலையில் நடந்த ஒரு நிகழ்வு உலகறியச் செய்தது. ஆப்பிள் நிறுவனம் தன் 15 அங்குல மேக்புக் புரோவில் ஆறு கருக்கள் கொண்ட இன்டெல் கோர் ஐ9 செயலியை முதன்முதலாக வழங்கியது. கனடாவைச் சேர்ந்த தொழில்நுட்ப விமர்சகர் டேவ் லீ, அடோபி பிரீமியர் புரோ மென்பொருளில் ஒரு காணொளியை ஏற்றுமதி செய்து அதைச் சோதித்தார்.

புதிய ஐ9 கணினிக்கு ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆயின. முந்தைய ஆண்டின் ஐ7 கணினி அதே வேலையை ஏறத்தாழ 35 நிமிடங்களில் முடித்தது. கூடுதல் விலை, கூடுதல் கருக்கள், ஆனால் குறைந்த வேகம். பின்னர் அவர் அதே ஐ9 கணினியைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதிக்குள் வைத்து மீண்டும் சோதித்தார். அப்போது ஏறத்தாழ 27 நிமிடங்களிலேயே வேலை முடிந்தது. செயலியில் குறையில்லை, அது வெப்பத்தால் முடங்கியது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவைப்படவில்லை.

அறை வெப்பநிலையில் அச்செயலி தன் அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்சுக்கும் கீழே இறங்கியிருந்தது. சூலை 24 அன்று ஆப்பிள் விளக்கம் அளித்தது. வெப்பத்தை நிருவகிக்கும் நிலைபொருளில் ஓர் இலக்கத் திறவுகோல் விடுபட்டிருந்ததாகக் கூறி, அதைச் சரிசெய்யும் மென்பொருள் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. அதன் பின் நிலைமை மேம்பட்டது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாதிரியில் குளிர்விப்பு அமைப்பே மாற்றி வடிவமைக்கப்பட்டது. முந்தையதைவிட 12 வாட் வரை கூடுதலான மின்திறனைத் தொடர்ந்து தாங்கும் என்று நிறுவனம் அறிவித்தது. அம்மாதிரியின் தடிமன் 15.5 மில்லிமீட்டரிலிருந்து 16.2 மில்லிமீட்டராகக் கூடியது.

பல ஆண்டுகளாக மெல்லியதாகிக்கொண்டே வந்த ஒரு கருவி, மீண்டும் சற்றுத் தடித்தது. வெப்பத்துக்கு இடம் கொடுக்காமல் திறனைக் கூட்ட முடியாது என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

## அளவிடும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் அடிப்படை விதி கிடைக்கிறது. முதல் நிமிடத்தின் அளவை மட்டும் கொண்டு கணினியை மதிப்பிடக் கூடாது. அரைமணி நேரத்துக்குப் பிந்தைய அளவையும் பார்க்க வேண்டும்.

செயலியைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் சினிபெஞ்ச் மென்பொருள், ஒரே காட்சியைப் பத்து நிமிடங்கள் திரும்பத் திரும்ப வரையும் வசதி கொண்டது. முதல் சுற்றின் மதிப்பெண்ணையும் கடைசிச் சுற்றின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டால் தளர்ச்சியின் அளவு தெரியும். வரைகலைச் செயலிக்கு 3டிமார்க் மென்பொருளின் அழுத்தச் சோதனை உள்ளது. அது ஒரு காட்சியை 20 முறை ஓட்டுகிறது; மிக மெதுவான சுற்றின் வேகம் மிக விரைவான சுற்றின் வேகத்தில் 97 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் தேர்ச்சி அளிக்கிறது.

செயலியையும் வரைகலைச் செயலியையும் தனித்தனியே சோதிப்பதோடு நிறுத்தக் கூடாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் இரண்டும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தனியாகச் சோதிக்கும்போது முழுக் குளிர்ச்சியும் ஒன்றுக்கே கிடைக்கும். விளையாட்டிலும் காணொளித் தொகுப்பிலும் இரண்டும் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. எனவே இரண்டையும் சேர்த்து இயக்கி, ஒவ்வொன்றும் நிலையாகப் பெறும் வாட் அளவைக் குறிக்க வேண்டும்.

விசிறியின் இரைச்சலும் இம்மதிப்பீட்டின் ஒரு பகுதி. முழு வேகத்தில் பல விளையாட்டு மடிக்கணினிகள் 50 டெசிபெல்லைத் தாண்டுகின்றன. டெசிபெல் மடக்கை அளவீடு என்பதால் 10 டெசிபெல் உயர்வு காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு சத்தமாகத் தோன்றும். ஆகவே "உச்சத் திறன்" முறையில் கிடைத்த மதிப்பெண்ணோடு, பொறுத்துக்கொள்ளத்தக்க இரைச்சலில் கிடைக்கும் மதிப்பெண்ணையும் பார்ப்பது முறை.

## விளையாட்டுக்கான மதிப்பீடு

விளையாட்டின் வேகம் ஒரு நொடிக்கு எத்தனை சட்டகங்கள் வரையப்படுகின்றன என்று அளக்கப்படுகிறது. நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிநொடி, 240 சட்டகம் என்றால் 4.2 மில்லிநொடி.

சராசரி எண் மட்டும் போதாது. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருந்தாலும் தோல்வியுற்ற மாணவர்கள் அதில் மறைந்திருப்பார்கள் அல்லவா? அதுபோல நொடிக்கு 100 சட்டகம் என்ற சராசரிக்குள், நீண்ட நேரம் எடுத்துக்கொண்ட சில சட்டகங்கள் மறைந்திருக்கலாம். ஆடுபவர் உணரும் திக்கல் அவற்றால்தான் உண்டாகிறது. இதைக் காட்ட, மிக மெதுவான ஒரு விழுக்காட்டுச் சட்டகங்களின் வேகம் தனியே தரப்படுகிறது. சராசரிக்கும் இந்த எண்ணுக்கும் இடைவெளி குறைவாக இருப்பது நல்லது.

திரையின் நுணுக்கம் வேகத்தை நேரடியாகப் பாதிக்கும். 1920 × 1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள்; 2560 × 1600 திரையில் ஏறத்தாழ 41 இலட்சம்; 3840 × 2160 திரையில் ஏறத்தாழ 83 இலட்சம். கடைசித் திரையை நிரப்ப, முதல் திரையைப் போல் நான்கு மடங்கு உழைப்பு தேவை. 16 அங்குல மடிக்கணினிகளில் 2560 × 1600 அளவு பரவலாகியிருப்பது இந்தச் சமநிலையால்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல மடிக்கணினிகளில் தனி வரைகலைச் செயலி வரைந்த படம், மையச் செயலியோடு இணைந்த சிறு வரைகலைப் பகுதியின் வழியாகவே திரைக்குச் செல்கிறது. மின்சாரத்தைச் சேமிக்கும் இவ்வழி சிறிது வேகத்தை இழக்கச் செய்கிறது. நேர்வழிக்கு மாற்றும் நிலைமாற்றி இருந்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

## படைப்புப் பணிகளுக்கான மதிப்பீடு

படைப்புப் பணி என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு பணியும் வேறு பாகத்தை நம்பியிருக்கிறது.

முப்பரிமாண வரைவில் முதன்மையானது வரைகலை நினைவகத்தின் கொள்ளளவு. பிளெண்டர் போன்ற மென்பொருளில் காட்சியின் வடிவங்களும் மேற்பரப்புப் படங்களும் அந்நினைவகத்தில் இடம்பெற வேண்டும். இடம் போதாதபோது வேலை பெரிதும் மெதுவாகும் அல்லது நின்றுவிடும். இந்நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியாது.

காணொளித் தொகுப்பில் பதிவு வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. இன்றைய பல ஒளிப்படக் கருவிகள் நிறத்தகவலை அதிகம் காக்கும் 4:2:2 முறையில், 10 பிட் எச்இவிசி வடிவில் பதிவு செய்கின்றன. அதை விரிக்கும் தனிச் சுற்று இன்டெல்லின் அண்மைய செயலிகளில் உள்ளது. என்விடியாவின் செயலிகளில் 50 வரிசையில்தான் அது சேர்க்கப்பட்டது. ஆகவே மிக வலிமையான வரைகலைச் செயலி கொண்ட கணினியும், அச்சுற்று இல்லாவிட்டால் அப்பதிவை ஓட்டும்போது திக்கலாம். தன் கருவி எந்த வடிவில் பதிவு செய்கிறது என்பதைத் தொகுப்பாளர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் மையச் செயலியும் வரைகலைச் செயலியும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. 2021இல் வந்த எம்1 மேக்ஸ் 64 கிகாபைட் வரையும், 2023இல் வந்த எம்3 மேக்ஸ் 128 கிகாபைட் வரையும் ஏற்றன. பெரிய காட்சிகளுக்கு இது உதவும். ஆனால் 3டிஎஸ் மேக்ஸ், சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே இயங்குகின்றன; பல விளையாட்டுகளும் அவ்வாறே. பயன்படுத்தப்போகும் மென்பொருளின் பட்டியலே முதல் வடிகட்டி.

## திரை

ஒளிப்படத்திலும் காணொளியிலும் நிறம் சரியாக இல்லையெனில் மற்ற எல்லாத் திறனும் பயனற்றுப்போகும். இணையத்துக்கான அடிப்படை நிறவெளி எஸ்ஆர்ஜிபி. திரைப்படத் துறை சார்ந்த டிசிஐ-பி3 அதைவிட விரிந்தது. விரிந்த நிறவெளி இருப்பதும் நிறம் துல்லியமாக இருப்பதும் வேறு வேறு. அளவுதிருத்தம் செய்யப்படாத விரிந்த திரையில், சாதாரண மனிதத் தோல் நிறமும் சிவந்து தெரியும். துல்லியம் "டெல்டா ஈ" என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. சராசரி 2க்குக் கீழே இருந்தால் வேறுபாட்டைக் கண் எளிதில் உணராது.

ஓஎல்இடி திரையில் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும். ஆயினும் நாள் முழுதும் ஒரே பட்டிகள் நிற்கும் தொகுப்பு மென்பொருளில், அவற்றின் தடம் காலப்போக்கில் பதியும் வாய்ப்புண்டு. குறைந்த வெளிச்சத்தில் சில திரைகள் மிக வேகமாக அணைந்து எரிவதால் சிலருக்குக் கண்வலி வருவதும் உண்டு.

## நினைவகமும் சேமிப்பகமும்

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் முதன்மை நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது 16 கிகாபைட் என்றால் இறுதிவரை 16 கிகாபைட்தான். நினைவகச் செருகிடங்கள் உள்ள மாதிரியில் பின்னாளில் கூட்டிக்கொள்ளலாம்.

திடநிலைச் சேமிப்பகத்தின் விளம்பர வேகம், நொடிக்குப் பல கிகாபைட் வரை செல்லும். எழுதும் வேகம் தற்காலிக இடைப்பகுதி நிரம்பும் வரையே நிலைக்கும். பெரிய காணொளிக் கோப்புகளைத் தொடர்ந்து படியெடுக்கும்போது அது வெகுவாகக் குறையலாம். இங்கும் நீண்ட சோதனையே உண்மையைச் சொல்லும்.

## மின்கலம்

விமானத்தில் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லத்தக்க மின்கலத்தின் எல்லை 100 வாட்-மணி. பெரிய மடிக்கணினிகளில் 99 அல்லது 99.9 வாட்-மணி என்ற எண் அடிக்கடி காணப்படுவதற்கு இதுவே காரணம். 200 வாட் உண்ணும் கணினி அத்தகைய மின்கலத்தை அரைமணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆகவே மின்னேற்றியைக் கழற்றியதும் பெரும்பாலான விளையாட்டு மடிக்கணினிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. குறைந்த மின்திறனில் இயங்கும் ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளில் இவ்வேறுபாடு மிகக் குறைவு. வெளியிடங்களில் தொகுப்பவர்கள் மின்கலத்தில் இயங்கும் வேகத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

## சுற்றுப்புற வெப்பநிலை

விமர்சனச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள அறைகளில் நடக்கின்றன. குளிர்விப்பு அமைப்பு வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. காற்று சூடாக இருந்தால் செயலியும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடேறும். 22 டிகிரி அறையில் 90 டிகிரியில் இயங்கும் செயலி, 36 டிகிரி அறையில் 104 டிகிரியை எட்ட முயலும். 100 டிகிரி எல்லை கொண்ட செயலி அதை அனுமதிக்காமல் வேகத்தைக் குறைக்கும்.

ஆப்பிள் தன் மேக்புக் புரோவுக்குக் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயில் காலத்தில் சென்னை, வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் குளிர்சாதனம் இல்லாத அறை அவ்வெல்லையைத் தாண்டிவிடும். எனவே வெளிநாட்டு விமர்சனத்தில் எல்லையை ஒட்டி இயங்கும் கணினி, இங்கு எல்லைக்கு அப்பால் தள்ளப்படும். 75 டிகிரியில் நிலைகொள்ளும் மாதிரிக்கு இத்தகைய நெருக்கடி இல்லை. கணினியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தல், மெத்தை மீது வைக்காதிருத்தல், விசிறியின் தூசியை அவ்வப்போது நீக்குதல் ஆகியவை பயன் தரும்.

## ஓர் ஒப்பீடு

ஒரே விலையில் இரு கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று 80 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கொண்ட மெல்லிய கணினி. மற்றொன்று 150 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 4080 கொண்ட தடித்த கணினி. மடிக்கணினியின் 4080க்கு 7,424 கருக்களும் 12 கிகாபைட் வரைகலை நினைவகமும் உண்டு. விளையாட்டில் இரண்டாவது கணினி முதலாவதை எட்டிப்பிடிக்கவோ முந்தவோ கூடும். 14 கிகாபைட் தேவைப்படும் முப்பரிமாணக் காட்சியை வரைய வேண்டுமானால், வேகம் குறைந்தாலும் முதலாவதே உதவும். நாள்தோறும் கல்லூரிக்கோ படப்பிடிப்புக்கோ சுமப்பவருக்கு எடையும் ஒரு காரணியாகும். "எது சிறந்தது" என்ற கேள்விக்கு, "எந்த வேலைக்கு" என்று கேட்ட பிறகே விடை கிடைக்கும்.

## வாங்குமுன் அறிய வேண்டியவை

1. பயன்படுத்தப்போகும் மென்பொருள்கள், விளையாட்டுகள், பதிவு வடிவங்கள் ஆகியவற்றின் பட்டியல்.
2. வரைகலைச் செயலியின் பெயரோடு அதற்கு அம்மாதிரி தரும் உச்ச வாட் அளவு.
3. வரைகலை நினைவகத்தின் கொள்ளளவு.
4. முதன்மை நினைவகம் பற்றவைக்கப்பட்டதா, செருகத்தக்கதா என்பது.
5. அரைமணி நேரச் சோதனையின் முடிவில் உள்ள வேகம், வெப்பநிலை, இரைச்சல்.
6. திரையின் நிறவெளியும் அளவிடப்பட்ட துல்லியமும்.
7. மின்கலத்தில் இயங்கும்போது கிடைக்கும் வேகம்.
8. அருகில் உள்ள பழுதுநீக்கு மையமும் உத்தரவாதக் காலமும்.

ஒரே மாதிரிப் பெயரில் பல உள்ளமைப்புகள் விற்கப்படுவதால், படிக்கும் விமர்சனம் வாங்கப்போகும் அதே உள்ளமைப்பைப் பற்றியதா என்று முழு மாதிரி எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். கடையில் நீண்ட சோதனை நடத்த இயலாது. ஆகையால் திருப்பித் தரும் வசதி இருக்குமானால், அக்காலத்துக்குள்ளேயே சொந்த அறையில், சொந்த வேலையைக் கொடுத்து, அரைமணி நேரம் இயக்கிப் பார்ப்பதே நம்பத்தக்க இறுதிச் சோதனையாகும்.